கச்சாச் சீட்டில் இருந்த எண்

ஜூன் 10, புதன்

பிச்சாண்டி அண்ணனைக் கொன்றது எங்கள் பிளான்ட்.

காவல் நிலையத்தில் எழுதியிருப்பது வேறு. "மது அருந்திய நிலையில் கால் தவறித் தொட்டிக்குள் விழுந்து." பிச்சாண்டி அண்ணன் குடிப்பார்தான். ஞாயிற்றுக்கிழமை குடிப்பார். செத்தது செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்கு.

இந்த ஊரின் தோல் பதனிடும் ஷாப்புகள் எல்லாவற்றின் கழிவுநீரும் குழாய் வழியாக எங்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் வருகிறது. முதலில் விழுவது சேகரிப்புத் தொட்டியில். பதினெட்டு அடி ஆழம், அடியில் பம்பு. தோலிலிருந்து எடுத்த முடியும் கொழுப்பும் பம்பில் சுற்றிக்கொண்டால் ஓர் ஆள் இறங்கிப் பிய்த்து எடுக்க வேண்டும். அந்த ஆள் இதுவரை ஒரு தடவைகூட எங்கள் காலனிக்கு வெளியிலிருந்து வந்ததில்லை. நானும் காலனிதான். வேதியியல் பட்டம் இருப்பதால் எனக்குத் தொட்டிக்கு மேலே மேடையில் நிற்கும் வேலை. கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு, விஷவாயு எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். பத்துக்குக் கீழே இருந்தால்தான் ஆள் இறங்கலாம்.

நேற்று இறங்குவதற்கு அனுமதி கொடுத்தவர் பொறுப்பாளர் சம்பத் சார். அனுமதிச் சீட்டில் 8 என்று இருக்கிறது. தொட்டியில் இருந்தது 8 அல்ல.

ஜூன் 11

தண்ணீர் வந்தது. ஏழு குடம் பிடித்தேன். இரண்டு தடவை தலைக்குக் குளித்தும் முடியில் அழுகின முட்டை நாற்றம் போகவில்லை. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ரசம் வைத்தாள்.

ஜூன் 14, ஞாயிறு

எங்கள் வேலைமுறையை எழுதிவைக்க வேண்டும். படித்தவர்களுக்குக்கூட இது தெரியாது.

மீட்டர் காட்டுவதை அப்படியே ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் குறிப்போம். அது கச்சா. ஷிப்ட் முடியும்போது சம்பத் சார் கச்சாவைப் பார்த்து, எந்த எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்வார். அதைப் பேனாவால் ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். அது பக்கா. பக்கா ஏறியவுடன் கச்சாவை நாலாகக் கிழித்துத் தொட்டியில் போட வேண்டும். மூன்று வருடமாக என் கை இதைச் செய்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்தால் பக்காவைப் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார்.

செவ்வாய்க்கிழமைக் கச்சா மட்டும் கிழியவில்லை. என் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் இருக்கிறது. தேதி, நேரம், மீட்டர் வரிசை எண், அளவு, என் சுருக்கொப்பம். எண்ணை இங்கே எழுதவில்லை. சீட்டே இருக்கும்போது எதற்கு?

ஜூன் 15

சம்பத் சார் அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு வியர்த்தது.

"வாம்மா ரூபா. உக்காரு. ஸ்டேஷன்ல கேட்டா இன்னா சொல்லுவ?"

"நடந்ததச் சொல்லுவேன் சார்."

"இன்னா நடந்துச்சு?"

பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டேன்.

"பர்மிட்ல எட்டுன்னு கீது. யாரு எழுத்து அது? என்னுதா?" என்றார். கோபமே இல்லை, மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசுவது போலப் பேசினார். "நான் ஆபீஸ்ல இருந்தேன். நீ மேடையில இருந்த. யாருக்கும் கஷ்டம் வேணாம்னுதான் பாக்குறேன். உங்க அம்மா ஷூ கம்பெனியிலதான இன்னும் தைக்கிறாங்க? கண்ணு எப்டி கீது அவங்களுக்கு?"

அவர் நீட்டிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன். அதில் பொய் எதுவும் இல்லை. "நான் அளவு எடுத்தேன், அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டது" என்று மட்டுமே இருந்தது.

ஜூன் 23

அமுலு அக்கா, பிச்சாண்டி அண்ணன் மனைவி, ரேஷன் கடை வரிசையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ரூபா, எனக்கு ஒண்ணுதான். குடிச்சிட்டு வுயுந்தான்னு எழுதிகிறாங்க பாரு, அந்த ஒத்த வரிய அடிக்கணும். எம் பொண்ணு எட்டாவது படிக்குது. அந்தக் காயிதத்தப் படிச்சிட்டு ரெண்டு நாளா சோறு துண்ல."

"அடிக்கலாம்க்கா. எங்கிட்ட சீட்டு கீது."

"இன்னா சீட்டு?"

சொன்னேன். வரிசை நகர்ந்ததுகூடத் தெரியாமல் என் கையைப் பிடித்தபடி நின்றார். பின்னால் இருந்த கிழவர் கத்தினார், "யம்மா, சர்க்கர தீந்துடப் போவுது, அப்புறம் கதய பேசு!" அமுலு அக்கா திரும்பி, "உனக்குத்தான் சக்கர வியாதி ஆச்சே, நீ இன்னாத்துக்கு ஓடுற?" என்றார். சிரித்தார்கள். அவரும் சிரித்தார். புருஷன் செத்துப் பதினாலாம் நாள்.

சீட்டை அவரிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. என்னிடம் பத்திரமாக இருக்கும் என்று தோன்றியது.

ஜூலை 5, ஞாயிறு

நூலக மாடியில் கதைப் பட்டறை. மூன்று வருடமாக எழுத வராமல் இருக்கிறேன். எழுதிய எல்லாமே மனு மாதிரி வருகிறது. மணவாளன் சார் நடத்தினார். கதைத் தொகுப்புகள் போட்டவர், கல்லூரியில் பாடம் எடுக்கிறவர்.

ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் தம் தொழிலை எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடச் சொன்னார். குலுக்கினார். அடுத்தவர் தொழிலை எடுத்து, அதை நம் தொழிலோடு சேர்த்து ஒரு பக்கம் எழுத வேண்டும். தமிழாசிரியர் ஒருவருக்குத் தேனீ வளர்ப்பு வந்தது. தேனீ வளர்ப்பவருக்கு வங்கிக் கடன் பிரிவு வந்தது. "எனக்கு அவங்களத் தெரியும் சார், தேனீகூடப் பரவால்ல" என்றார். எனக்கு வந்தது இதயத்துடிப்பு வரைபடம். அரசு மருத்துவமனையில் அதை எடுக்கும் ஒரு அக்கா போட்ட சீட்டு.

"ஒரே துறைக்குள்ள உக்காந்துகிட்டு இருந்தா மொழி செத்துடும்" என்றார் மணவாளன் சார். "தனித்தனியா இருக்கும்போது ரெண்டும் சும்மா கிடக்கும். ஒண்ணு மேல ஒண்ணு ஊத்துங்க. பொங்கி எழும்."

நான் கை தூக்கினேன். எங்கள் பிளான்டில் அதைத்தான் செய்கிறார்கள் என்றேன். முடி எடுக்கிற சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீரும் பதப்படுத்துகிற அமிலத் தண்ணீரும் வேறு வேறு குழாயில் வர வேண்டும். மார்ச்சில் அமிலக் குழாய் விரிசல் விட்டது. சரிசெய்யாமல் இரண்டையும் ஒரே குழாயில் திருப்பிவிட்டார்கள். சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். கிளம்பியது. ஒருவர் செத்தார்.

மணவாளன் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன ஒரு படிமம்! இத எழுதுங்கம்மா" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் சொன்னது தகவல்.

ஜூலை 6

இந்த உத்தி வேலை செய்கிறது. அதுதான் கொடுமை.

காலையில் பேருந்திலேயே ஆரம்பித்தேன். இடப்பக்கம் தொட்டியின் வாயு அளவு, வலப்பக்கம் ஒரு மனிதனின் நாடி. நடுவில் ஒரு வரியும் வேண்டாம். அழுகை வேண்டாம், முழக்கம் வேண்டாம். இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் போதும், அவையே பேசுகின்றன. மனு மாதிரி இல்லை. மதியச் சோறு சாப்பிட மறந்துவிட்டேன். மூன்று வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 8

மருத்துவமனை அக்காவைப் பார்க்கப் போனேன். பழைய வரைபடத் தாள் ஒன்றைக் காட்டினார். "கோடு மேல கீழ போனா உயிரு இருக்குன்னு அர்த்தம். நேரா ஓடுனா நாங்க மெஷின முதல்ல சந்தேகப்படுவோம், அப்புறம்தான் ஆளை" என்றார். அந்த வாக்கியத்துக்காக அவர் காலில் விழலாம். கதையில் சேர்த்துவிட்டேன்.

மெஷினைச் சந்தேகப்படுவது எங்கள் வழக்கமும்தான். மீட்டர் அதிகமாகக் காட்டினால் "சென்சார் பழசு" என்போம்.

ஜூலை 12, ஞாயிறு

இரண்டாம் வகுப்பு. கதையைப் படித்தேன். கச்சாச் சீட்டின் எண்ணைத்தான் போட்டிருந்தேன். மணவாளன் சார் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. எண்தான் இடிக்குது" என்றார்.

"அது நிஜ எண் சார்."

"நிஜம் உங்களுக்கு. வாசகனுக்கு அது வெறும் எண். ஒரு ஏற்றம் வேணும். நாடி பாதி பாதியா எறங்கட்டும், வாயு இரட்டிப்பா ஏறட்டும். நாப்பது, எண்பது, நூத்தி அறுபது... பாத்தீங்களா? இப்பவே மூச்சு முட்டுது."

முட்டியது. எனக்கும் முட்டியது.

இன்னொன்றும் சொன்னார். கதையில் "யாரோ தலையசைத்தார்கள், அவன் இறங்கினான்" என்று எழுதியிருந்தேன். "யாரோன்னா யாரு? எதிராளி இல்லாம எப்படி? முகம் குடுங்க."

சம்பத் சாரின் முகத்தைக் கொடுத்தேன். மேடையில் நிற்க வைத்து, தலையசைக்க வைத்தேன். பொருத்தமாகவே இருந்தது.

ஜூலை 16

எண்ணை மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். கதைக்கு இதுவரை ஒன்பது படி எழுதிவிட்டேன். 46, 64, 72, 86 என்று எல்லாவற்றிலும் தொடங்கிப் பார்த்தேன். நாற்பதில் தொடங்கினால்தான் இரட்டிப்பு ஓசையாக வருகிறது. நாற்பதிலிருந்து அறுநூற்று நாற்பது வரை.

பிளான்டில் பம்பு மறுபடி அடைத்தது. ஏழுமலை அண்ணன் இறங்கினார். அன்றைக்குப் பிச்சாண்டி அண்ணனின் கயிற்றைப் பிடித்திருந்தவர் அவர்தான். என்னைப் பார்க்காமல், "இன்னா காட்டுது?" என்று மட்டும் கேட்டார். நான் சொன்னேன். ஏணியில் கால் வைத்துவிட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இறங்கினார். திரும்பி வந்தார்.

ஜூலை 19, ஞாயிறு

முடிந்தது. காலை பத்து மணியிலிருந்து உட்கார்ந்து நல்ல தாளில் பேனாவால் எழுதி முடித்தேன். பன்னிரண்டு பக்கம். ஓர் அடித்தல்கூட இல்லை. மேசையைத் துடைத்தேன், கிறுக்கல்களைக் கிழித்துக் குப்பையில் போட்டேன், அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

கதையை ஒரு காலாண்டிதழ் எடுத்துக்கொண்டது. மணவாளன் சார் தொலைபேசியில் வாழ்த்தினார். "வேதியியலும் இதயமும்! இந்த மாவட்டத்துல யாரும் இப்படி யோசிச்சதில்ல."

ஆகஸ்ட் 18

அமுலு அக்கா வந்தார். கோட்டாட்சியர் விசாரணைக்குத் தேதி வைத்துவிட்டார்களாம், செப்டம்பர் 17. தொழிலாளர் சங்கத்திலிருந்து ஒரு வக்கீல் அம்மா வருகிறார். "அந்தச் சீட்ட குடு ரூபா, வக்கீலம்மா கேட்டாங்க."

பையில் தேடினேன். டிபன் பாக்ஸுக்கு அடியில் இல்லை. மேசை இழுப்பறை, பீரோ, பாயின் அடி. அமுலு அக்காவும் சேர்ந்து தேடினார். "நிதானமா பாரு, எங்க பூடும்" என்று எனக்கே தைரியம் சொன்னார்.

அவர் போன பிறகுதான் நினைவு வந்தது. நினைவு வந்தது என்று எழுதுவது பொய். தேட ஆரம்பிக்கும்போதே தெரியும்.

கதை எழுதும்போது சீட்டை எதிரில் வைத்திருந்தேன். பேனாவால் நல்ல தாளில் ஏற்றி முடித்தேன். பக்கா ஏறிவிட்டது. கை கச்சாவை எடுத்து நாலாகக் கிழித்தது.

ஆகஸ்ட் 19

அந்த எண் எது?

46 இல்லை. 64ஆ? 86ஆ? கண்ணை மூடினால் பென்சில் எழுத்து தெரிகிறது. எண் இருக்கும் இடத்தில் நாற்பது, எண்பது, நூற்று அறுபது என்று என் கதை ஓடுகிறது.

ஆகஸ்ட் 20

சமைத்தேன். துவைத்தேன். எண் வரவில்லை.

செப்டம்பர் 6

இதழ் வந்தது. அட்டையில் என் பெயர் இருக்கிறது. வக்கீல் அம்மாவிடம் போய், சீட்டு தொலைந்துவிட்டது என்றேன். தொலைந்துவிட்டது என்றுதான் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்தார். "வேற எங்கயாவது எழுதி வெச்சிருக்கியாம்மா?"

இதழைக் கொடுத்தேன்.

அந்த நிமிடம் அது சாட்சியம் என்று நான் நிஜமாகவே நம்பினேன். வேறொன்றும் இல்லாத வக்கீல் அம்மாவும் அதை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். அமுலு அக்காவுக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். "பேப்பர்ல வந்துடுச்சா? அப்ப யாரும் இல்லன்னு சொல்ல முடியாது" என்றார்.

செப்டம்பர் 17, வியாழன்

விசாரணையில் பிளான்டின் வக்கீல் இதழை விரலால் தூக்கிக் காட்டினார்.

"நல்ல கதைம்மா. என் மனைவி அழுதுட்டாங்க. ஒரு சந்தேகம். இதுல மீட்டர் அறுநூத்தி நாப்பது காட்டுது. உங்க பிளான்ட் மீட்டர் அதிகபட்சம் எவ்வளவு காட்டும்?"

"நூறு."

"சத்தமா சொல்லுங்க."

"நூறு வரைக்கும்தான் காட்டும்."

"அப்ப மிச்ச ஐநூத்தி நாப்பது எங்கேருந்து வந்துச்சு?"

சம்பத் சார் சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள். மூன்று வருடமாகத் தினமும் அந்த மீட்டரைப் பிடிக்கிறவள் நான். நூற்றுக்கு மேல் போனால் திரையில் கோடுதான் வரும். ஒன்பது படி எழுதினேன், ஒரு படியில்கூட இது எனக்கு உறைக்கவில்லை.

"எழுத்தாளர்களுக்குக் கற்பனை வேணும், தப்பில்ல" என்றார் அவர். "ஆனா பர்மிட்ல எட்டுன்னு இருக்கறதும் இவங்க எழுத்து, இதுவும் இவங்க எழுத்து. எது கதை? அத அவங்களே சொல்லட்டும்."

நான் அவர் விரலில் இருந்த இதழின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வியாழனுக்குத் தள்ளிவைத்தார்கள். வெளியே வந்ததும் ஏழுமலை அண்ணன் பீடி பற்றவைத்துக்கொண்டு, "எட்டு வரைக்கும் படிச்ச எனக்கே தெரியும், அந்த மீட்டரு நூறுக்கு மேல போவாது" என்றார். திட்டவில்லை. சும்மா சொன்னார்.

செப்டம்பர் 20, ஞாயிறு

அமுலு அக்கா காலையிலேயே வந்துவிட்டார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். இட்லி வைத்தேன், தொடவில்லை.

"உன் கதய எம் பொண்ணு படிச்சிக் காட்டுச்சி. நல்லாத்தான் எழுதிகிற. எனக்கு அயுகை வந்துச்சி."

"அக்கா, அந்த எண்ணு..."

"எண்ண வுடு. எனக்கு எண்ணு புரியாது." கதையில் சம்பத் சார் வரும் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தார். "இதுல மேனேஜரு மேட மேல நின்னு தலயாட்டுறாரு. எம் ஊட்டுக்காரு எறங்குறாரு. ஆனா அன்னிக்கு சம்பத்து மேடைக்கே வர்ல. ஆபீஸ்ல குந்திகினு போன்லதான் பேசுனாராம். ஏழுமல அண்ணன் சொன்னாரு. மேட மேல இருந்தது மூணே பேரு. கயிறு புடிச்சவரு, எறங்குனவரு, அப்புறம் நீ."

அன்றைக்குப் பிச்சாண்டி அண்ணன் தொட்டி விளிம்பில் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, "இன்னா பாப்பா, போலாமா?" என்றார். மீட்டரில் இருந்ததை நான் பார்த்திருந்தேன். காதில் போன். "பத்துக்குக் கீழ போடும்மா, ஷாப்புக்காரங்க கத்துறாங்க" என்று சம்பத் சார். எட்டு என்று எழுதினேன். பிச்சாண்டி அண்ணன் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என் எழுத்தைப் படிக்க வராது, என் முகத்தைத்தான் படிப்பார்.

"அவரு யாரும் சொல்லாம எறங்க மாட்டாரு" என்றார் அமுலு அக்கா. "பயந்த மனுசன். தலயாட்டுனது யாரு ரூபா?"

குழாயடியில் யாரோ குடத்தைப் போட்டார்கள்.

"சரி, எங்கிட்ட சொல்லாத. நான் உன்ன அடிக்க வர்ல. சம்பத்து இன்னா சொன்னாரு, நீ இன்னா எழுதுன, இன்னா பண்ண, அத வியாயக்கெயம வந்து அவங்ககிட்ட சொல்லு. நீ சொன்னாதான் அந்தக் குடிகாரன்ற வரி போவும். வேற யார் சொன்னாலும் போவாது. கத மாரி வேணாம். சும்மா சொல்லு."

போகும்போது இட்லித் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 22

வேலை போகும். வழக்கு என் மேல் திரும்பும். அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். சம்பத் சாருக்கு ஒன்றும் ஆகாது. போனில் சொன்னதற்குக் கச்சாவும் இல்லை, பக்காவும் இல்லை. இதெல்லாம் உண்மை. இந்த உண்மைகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் யார் என்பதும் உண்மை.

மணவாளன் சார் செய்தி அனுப்பியிருந்தார். அடுத்த பட்டறையில் என் கதையைப் பாடமாக வைக்கிறாராம். இரண்டு துறைகளை எப்படிச் சேர்ப்பது என்பதற்கு உதாரணமாக.

செப்டம்பர் 24, வியாழன்

காலை ஷிப்ட். எட்டு மணிக்கு அளவு எடுத்தேன். ஒன்பதுக்கு எடுத்தேன். பத்துக்கு எடுத்தேன்.

பதினொன்றே காலுக்கு அமுலு அக்காவின் குரல் பதிவு வந்தது. பின்னால் யாரோ பெயர்களைக் கூப்பிடுகிற சத்தம்.

"ரூபா, நம்ம பேர கூப்ட்டாங்க. நீ வந்துகினு கீறன்னு சொல்லி வெச்சிகிறேன். எங்க கீற? வா."